ஆர்பி சிட்டிக்குப் புதியவரா? முதல் வாரத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டிய நடத்தை விதிகள்

ஜிடிஏ 5 என்ற கணினி ஆட்டத்துக்குள் பலர் சேர்ந்து ஒரு ஊர் வாழ்க்கையை நடித்து ஆடும் இடம்தான் ஆர்பி சர்வர்; அந்த ஊரைத்தான் சிட்டி என்கிறோம். அப்படி ஒரு தமிழ் சர்வரில் சில வருடங்களாக வைட்லிஸ்ட் நேர்காணல், அதாவது புதியவர்களை உள்ளே விடும் முன் எடுக்கும் நேர்காணல், எடுத்து வருகிறேன். புதிதாக வருபவர்களில் பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே தடை வாங்கிக்கொண்டு வெளியே போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் அவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஜிடிஏ 5-ஐ வருடக்கணக்கில் தனியாக ஆடிப் பழகிய கை அது. தனியாக ஆடும்போது நடைபாதையில் போகிறவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனால் கேட்க ஆள் கிடையாது. ஆர்பி சர்வரில் அந்த நடைபாதையில் போகிறவர் ஒரு நிஜ மனிதர். ஈரோட்டிலோ யாழ்ப்பாணத்திலோ துபாயிலோ வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கேரக்டர் கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கப் போய்க்கொண்டிருக்கலாம். காரணமே இல்லாமல் இடித்துக் கொன்றால் அவருடைய அன்றைய இரவு போச்சு.

விதிப் பட்டியல் சர்வருக்குச் சர்வர் மாறும். சில இடங்களில் ஐம்பது, அறுபது விதிகள்கூட இருக்கும். எல்லாமே ஒரே கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன: எதிரில் இருப்பவர் பதில் செய்ய இடம் விட்டீர்களா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உள்ளே நுழையும் முன்

ஆர்பி என்பது ரோல்பிளே. ஒரு கேரக்டரை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசி, நடந்து, பிழைப்பு நடத்துவது. நான் இங்கே சொல்வது ஜிடிஏ 5-இன் மேல் ஃபைவ்எம் என்ற மென்பொருளை வைத்து நடத்தும் சர்வர்களைப் பற்றி. ஜிடிஏ 5 2013இல் வந்தது. கணினிக்கு 2015இல் வந்தது. கதை நடக்கும் லாஸ் சாண்டோஸ், லாஸ் ஏஞ்சலிஸை மாதிரியாக வைத்து உருவாக்கிய ஊர். ஃபைவ்எம்மை ஆரம்பத்தில் ரசிகர்களே செய்தார்கள். அதை நடத்திய சிஎஃப்எக்ஸ் குழுவை 2023 ஆகஸ்டில் ராக்ஸ்டார் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

காசு கொடுத்து வாங்கிய அசல் ஜிடிஏ 5 உங்களிடம் இருக்க வேண்டும். திருட்டுப் பிரதியில் ஃபைவ்எம் ஓடாது. ஆட்டத்துக்கே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைவ்எம்மை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஏமாற்றி ஆட உதவும் சீட் மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம். ஒரு சர்வரில் மாட்டினால் ஃபைவ்எம் முழுவதிலும் தடை வரலாம்.

வயதைப் பற்றி நேராகச் சொல்கிறேன். ஐரோப்பாவின் பெகி அமைப்பு இந்த ஆட்டத்துக்குக் கொடுத்திருப்பது 18 வயது முத்திரை. பெரும்பாலான நல்ல சர்வர்கள் 18 நிறைந்தவர்களை மட்டுமே எடுக்கின்றன. நேர்காணலில் பொய் சொல்லி உள்ளே வந்த பள்ளி மாணவர்களை நாங்கள் வெளியே அனுப்பியிருக்கிறோம். அது அவர்கள் நல்லதுக்காகவும்தான்.

அப்புறம் சர்வரின் டிஸ்கார்டில் (குழுவாகப் பேசும் செயலி) சேருங்கள். விதிகளை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். விண்ணப்பத்தில் கேரக்டரின் கதை கேட்பார்கள். நண்பர் எழுதியதை நகலெடுத்து ஒட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நேர்காணலில் விதிகளின் விளக்கங்களை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, சூழ்நிலையைத்தான் கேட்போம். நான் வழக்கமாகக் கேட்பது இது: "நீங்க பங்க்குல பெட்ரோல் போட்டுட்டு இருக்கீங்க. பின்னாடி ஒருத்தன் வந்து தலையில துப்பாக்கி வைக்கிறான். உங்க பையிலயும் ஒரு பிஸ்டல் இருக்கு. என்ன பண்ணுவீங்க?" பத்தில் ஏழு பேர் "எடுத்துச் சுட்டுடுவேன் ப்ரோ" என்கிறார்கள். சரியான பதில் கீழே வருகிறது.

மைக்கையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேன், சமையலறை குக்கர் விசில், பக்கத்து அறை டிவி எல்லாமே பக்கத்தில் நிற்பவர் காதுக்குப் போகும். ஃபைவ்எம்மில் வழக்கமாக என் (N) என்ற விசையை அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். அதை மாற்றித் திறந்த மைக்காக வைக்காதீர்கள். முணுமுணுப்பு, சாதாரணப் பேச்சு, கத்தல் என்று மூன்று தூரங்கள் பெரும்பாலான சர்வர்களில் இருக்கும். வங்கிக் கவுன்டரில் நின்று கத்தல் தூரத்தில் ரகசியம் பேசினால் ஊருக்கே கேட்கும். கேட்டவர் அதைப் பயன்படுத்தினால் அது அவர் தவறல்ல.

கேரக்டரும் நீங்களும் வேறு வேறு

கேரக்டருக்கு ஊரில் புழங்கக்கூடிய ஒரு பெயர் வையுங்கள். நடிகர் பெயர், அரசியல்வாதி பெயர், கெட்ட வார்த்தையைத் திருப்பிப் போட்ட பெயர் எதுவும் ஆகாது. ஒரு குறையையும் கொடுங்கள். கடன் இருக்கலாம், உயரத்தைக் கண்டால் பயம் இருக்கலாம். எல்லாம் தெரிந்த, எதற்கும் அஞ்சாத ஆளோடு சீன் போட யாருக்கும் ஆசை வராது.

இங்கேதான் இரண்டு சொற்கள் வருகின்றன. கேரக்டராக இருந்து சொல்வது, செய்வது எல்லாம் ஐசி. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களைச் சேர்ந்தது ஓஓசி. உள்ளே இருக்கும்போது ஓஓசி பேசக் கூடாது. "ப்ரோ லேக் அடிக்குது", "அட்மின்கிட்ட சொல்லிடுவேன்", "எந்தக் கீ அழுத்தணும்" இதெல்லாம் சீனை உடைக்கும். அதற்குச் சிட்டியில் மறைமொழி உண்டு. ஆட்டம் நின்றுபோனால் "தலை சுத்துது". சர்வர் மறுதொடக்கம் ஆகப்போகிறது என்றால் "புயல் வருது". ஆட்டத்துக்குள் வருவது "தூங்கி எழுந்தது". ஒரு வாரத்தில் பழகிவிடும்.

முக்கியமான ஒன்று: ஐசியில் வந்த கோபத்தை ஓஓசிக்கு எடுத்துப் போகாதீர்கள். உங்கள் டாக்சியைத் திருடியவர் ஆட்டத்துக்கு வெளியே உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவருடைய தனிச் செய்திப்பெட்டியில் போய்த் திட்டுவது எந்தச் சர்வரிலும் பொறுக்கப்படாது.

ஒரு "பார்க்கிறார்" செய்யும் வேலை

ஆட்டத்தின் அசைவுகளால் காட்ட முடியாததை எழுத்தில் காட்ட இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. /மீ என்பது உங்கள் கேரக்டர் செய்வது. /டூ என்பது சூழலில் இருப்பது, அல்லது எதிரில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வி. (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.)

லாஸ் சாண்டோஸின் லீஜன் சதுக்கம் பக்கம் ஒரு விபத்து என்று வையுங்கள். உங்கள் பைக் சறுக்கிவிட்டது, ஆம்புலன்ஸ்காரர் வந்து குனிகிறார்.

/மீ வலது முழங்காலைப் பிடித்தபடி எழுந்திருக்கப் பார்க்கிறார்

அவர் கேட்பார்: /டூ முழங்காலில் எலும்பு முறிந்த மாதிரித் தெரிகிறதா?

நீங்கள்: /டூ முறியவில்லை, நன்றாக வீங்கியிருக்கிறது, தோல் உரிந்து ரத்தம் கசிகிறது

அவர்: /மீ காயத்தைக் கழுவிவிட்டுக் கட்டுப் போடுகிறார்

"ஆ... மெதுவா டாக்டர்!" என்று நீங்கள் மைக்கில் சொன்னால் போதும், சீன் உயிரோடு எழுந்து நிற்கும். காயம் எப்படி என்று அவராக முடிவு செய்யவில்லை, உங்களைக் கேட்டார். நீங்களும் உண்மையாகச் சொன்னீர்கள். /டூவில் பொய் சொல்லக் கூடாது. போலீஸ் சோதனையில் "/டூ பாக்கெட்டில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், கேரக்டர் வாயால் "ஒண்ணும் இல்ல சார்" என்று புளுகலாம்; /டூவில் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதை மீறுவதுதான் பவர்கேமிங். இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

/மீ ஒரே இழுப்பில் அவன் கையை முறித்துப் போடுகிறார்

/மீ அவன் கையைப் பிடித்து முறுக்கப் பார்க்கிறார்

முதல் வரியில் எதிராளியின் உடம்புக்கு என்ன ஆனது என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவதில் அந்த "பார்க்கிறார்" அவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. அவர் திமிறலாம், வலியில் கத்தலாம், விட்டுக்கொடுக்கலாம். நம் மொழியில் இதற்கு ஒரு துணைவினை போதும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மற்றவர் உடம்பைத் தொடும் எந்த /மீயும் "பார்க்கிறார்" என்றோ "முயல்கிறார்" என்றோ முடியட்டும்.

கையில் விலங்கோடு இருக்கும்போது போனில் பேசுவது, கால் உடைந்த ஐந்தாவது நிமிடம் சுவர் ஏறிக் குதிப்பது, சாதாரணக் காரில் ஆட்டத்தில் உள்ள சிலியாட் மலை உச்சிக்கு ஏறுவது எல்லாமே இந்த வகைதான். ஆட்டம் அனுமதிக்கிறது என்பது காரணமாகாது. அந்த இடத்தில் உண்மையான ஆளால் முடியுமா என்று பாருங்கள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி நடக்காதீர்கள்

கேரக்டருக்குத் தெரியாத செய்தியை நீங்கள் வேறு வழியில் தெரிந்துகொண்டு உள்ளே பயன்படுத்துவது மெட்டாகேமிங். தாளும் பகடையும் வைத்து மேசையில் ஆடும் ரோல்பிளே ஆட்டங்களிலும் இதே சொல்தான். ஒருவர் நேரலையாக ஆடுவதை யூடியூபில் பார்த்து அவர் ஒளிந்திருக்கும் இடத்துக்குப் போவது, தலைக்கு மேல் தெரியும் ஆட்டக்காரர் எண்ணை வைத்து முகமூடிக்காரரை அடையாளம் சொல்வது, டிஸ்கார்டில் நண்பரோடு பேசிக்கொண்டே ஆடுவது எல்லாம் இதில் சேரும்.

கடைசியில் சொன்னதில் நானே மாட்டியிருக்கிறேன். என் நண்பனும் நானும் வேறு டிஸ்கார்ட் அறையில் பேசிக்கொண்டே ஆடினோம். ஆட்டத்தில் வரும் சாண்டி ஷோர்ஸ் என்ற ஊர்ப் பக்கம் அவனைச் சிலர் கடத்தினார்கள். அவன் "மச்சி, தூக்கிட்டாங்கடா" என்றதும் நான் காரை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய்விட்டேன். என் கேரக்டருக்கு அது தெரிய வழியே இல்லை. கடத்தியவர்கள் மூன்று நாள் திட்டம் போட்டுச் செய்த சீன் பத்தே நிமிடத்தில் நாசமானது. எனக்கு மூன்று நாள் தடை. அதற்குப் பிறகு ஆடும்போது வெளி அழைப்புகளை அணைத்துவிடுகிறேன். நீங்களும் அதையே செய்யுங்கள். நண்பனோடு பேச வேண்டுமா, கேரக்டரின் போனில் கூப்பிடுங்கள்; சிட்டிக்குள் ரேடியோவும் இருக்கிறது.

துப்பாக்கி, கார், உயிர்

கதைக் காரணம் இல்லாமல் ஒருவரைக் கொல்வது ஆர்டிஎம். காரை ஆயுதமாக்கி ஏற்றுவது விடிஎம். "அவன் என்னை முறைச்சான்" என்பது காரணமில்லை. முதலில் பேச்சு வர வேண்டும், பகை தெரிய வேண்டும், எதிராளிக்கு அடங்கிப்போகவோ ஓடவோ வாய்ப்பு இருக்க வேண்டும். "கையைத் தூக்கு, இல்லைன்னா சுடுவேன்" என்று சொல்லிவிட்டு, தூக்க நேரமும் கொடுங்கள். சொல்லும்போதே சுடுவது பேச்சுக் கணக்கில் வராது.

இப்போது பெட்ரோல் பங்க் கேள்விக்கு வருவோம். தலையில் துப்பாக்கி இருந்தால் கையைத் தூக்க வேண்டும். உங்கள் கேரக்டருக்கு இருப்பது ஒரே உயிர். வீட்டில் அம்மா இருக்கலாம், பிள்ளை இருக்கலாம். பயப்படுங்கள். குரல் நடுங்கட்டும். "அண்ணே, பர்ஸ எடுத்துக்கோங்க, ஏடிஎம் கார்டு மட்டும் குடுத்துடுங்கண்ணே" என்று கெஞ்சிப் பாருங்கள். எதிராளிக்கும் அது விருந்து. தோற்றவர் நன்றாகத் தோற்றால் அந்த சீனை ஊரே பல நாள் பேசும். அவன் திரும்பிக் கல்லாப்பெட்டியைப் பார்க்கிற நேரத்தில் ஓடுவது வேறு விஷயம், அது நியாயம்.

கொள்ளையடிப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. மருத்துவமனை, காவல் நிலையம் போன்ற இடங்களைப் பல சர்வர்கள் பசுமைப் பகுதி என்று வைத்திருக்கும். அங்கே குற்றம் செய்யக் கூடாது. நேற்று வந்த புதியவரைப் பிடித்து அவரிடம் இருக்கும் தண்ணீர் பாட்டிலையும் ரொட்டியையும் பிடுங்குவதை எந்த விதி அனுமதித்தாலும் செய்யாதீர்கள்.

செத்து மருத்துவமனையில் எழுந்தால் சாவுக்கு இட்டுச் சென்ற சம்பவம் உங்கள் கேரக்டருக்கு மறந்துவிட்டது என்று பொருள். இது புது வாழ்வு விதி. திரும்பிப் போய்ப் பழிவாங்கக் கூடாது. ஆம்புலன்ஸ்காரர் வந்து பிழைக்க வைத்தால் ஞாபகம் இருக்குமா என்பது சர்வருக்குச் சர்வர் வேறு, உங்கள் சர்வரில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சீன் நடுவில், மாட்டிக்கொள்வோம் என்று ஆட்டத்தை மூடுவது காம்பாட் லாக். நிஜமாகவே கரண்ட் போகும்தான். நம் ஊரில் இது அடிக்கடி நடப்பது. போனில் டிஸ்கார்டைத் திறந்து, சீனில் இருந்தவர்களுக்கோ அட்மினுக்கோ உடனே ஒரு வரி போடுங்கள். கரண்ட் வந்ததும் அதே இடத்துக்கு வந்து சீனைத் தொடருங்கள். இதைச் செய்பவர்மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வாயில் வருவது

தமிழ் சர்வர்களில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கேரக்டர் ரவுடி என்பதால் கெட்ட வார்த்தை ஓரளவு வரும். எதிராளியின் அம்மாவையும் அக்காவையும் இழுப்பது ரவுடி ஆர்பி ஆகாது. காதில் வாங்குபவர் நிஜ ஆள், நிஜ அம்மாவின் பிள்ளை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, மதத்தைக் கேலி செய்வது, இலங்கைத் தமிழிலோ மலேசியத் தமிழிலோ பேசுகிறவரை "எங்க கத்துக்கிட்ட இந்தத் தமிழை" என்று சீண்டுவது எதற்கும் ஐசி என்ற சாக்கு செல்லாது. எங்கள் சர்வரில் சாதி வசவுக்கு எச்சரிக்கை கிடையாது, நேரடியாக நிரந்தரத் தடை. அதில் நாங்கள் இறங்கி வருவதாக இல்லை.

பெண் குரல் கேட்டவுடன் சுற்றி நிற்பது, "ஒரிஜினல் பொண்ணா?" என்று கேட்பது, இன்ஸ்டாகிராம் ஐடி கேட்பது, கேரக்டர் காதலை வெளியே இழுத்துக்கொண்டு போவது எல்லாம் தொல்லை. நன்றாக ஆடிய பெண்கள் பலர் இதனால் மைக்கைப் போட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காதல் சீன், சித்திரவதை சீன் போன்றவற்றுக்கு முன்னால் எதிராளியிடம் ஓஓசியில் சம்மதம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு சரி. பாலியல் வன்முறை சம்பந்தமான எதுவும் சம்மதத்தோடும் கூடாது.

முதல் வாரம் என்ன செய்யலாம்

துப்பாக்கி தேடாதீர்கள். டாக்சி ஓட்டுங்கள், குப்பை வண்டி ஓட்டுங்கள், மெக்கானிக் கடையில் கேளுங்கள். டாக்சியைத்தான் நான் சிபாரிசு செய்வேன், ஏறுகிறவர் பேசியே ஆக வேண்டும். ஊர் வழியும் மனிதர்களும் ஒன்றாகப் பழகும். சிவப்பு விளக்கில் நில்லுங்கள். போலீஸ் நிறுத்தினால் ஓரம் கட்டுங்கள்.

"எவ்வளவு ஸ்பீடுல வந்தீங்க தெரியுமா?"

"சார், ஏர்போர்ட்டுக்கு ஆள் இருக்கு சார், பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படுத்துறாரு சார்."

"உள்ள இருக்கிறவரு எங்க போறாரு, அவரே சொல்லட்டும்."

பின்சீட்டில் இருப்பவருக்கும் இப்போது சீன் கிடைத்துவிட்டது. அபராதம் கட்டினாலும் பரவாயில்லை, அடுத்த முறை அதே போலீஸ்காரர் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். துரத்தச் சொல்லிப் போலீஸ் வண்டி முன்னால் சும்மா வட்டமடிப்பதும், காவல் நிலைய வாசலில் ஹாரன் அடிப்பதும் காப் பெய்ட்டிங், விதிமீறல்.

ஆட்டப் பணத்தை நிஜப் பணத்துக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. 2022 நவம்பரில் ராக்ஸ்டார் ஆர்பி சர்வர்களுக்கு வெளியிட்ட கொள்கையில் ஆட்டப் பண விற்பனை, லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி), கிரிப்டோ, என்எஃப்டி எல்லாம் தடை செய்யப்பட்டிருக்கிறது. யாராவது ஜிபே எண் அனுப்பினால் ஸ்டாஃபிடம் காட்டுங்கள்.

மற்றவர் விதியை மீறினால், நீங்களே மீறினால்

உங்களை யாராவது காரணமின்றிச் சுட்டால் அங்கேயே "ஆர்டிஎம் ஆர்டிஎம்" என்று கத்தாதீர்கள். சீனை முடியுங்கள். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் ரீப்ளே பஃபர் என்று ஒன்று இருக்கிறது; அதை இரண்டு நிமிடத்துக்கு அமைத்து ஓடவிட்டால் கடைசி இரண்டு நிமிடத்தை ஒரு விசையில் சேமிக்கலாம். அந்த வீடியோவை வெட்டாமல் டிக்கெட்டில் (ஸ்டாஃபுக்குப் போகும் புகாரில்) போடுங்கள். நேரம், இடம், என்ன நடந்தது, இவ்வளவு போதும். எதிராளியைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். முடிந்தால் டிக்கெட் போடும் முன் அவரிடம் பண்பாக ஒரு வார்த்தை பேசுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

தடை உங்களுக்கு வந்தால் வேறு கணக்கில் திரும்பி வராதீர்கள், அது நிரந்தரத் தடையாகிவிடும். ஒரு இரவு தூங்கி எழுந்து முறையீடு எழுதுங்கள். போன வருடம் எனக்கு வந்ததில் ஒன்று இப்படி இருந்தது: "நேற்று இரவு பத்தரை மணிக்கு மருத்துவமனை வாசலில் ஒருவரை இடித்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்று முதலில் சொன்னேன், அது பொய். அவர் விழுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் ஒரு மணி நேரமாக நோயாளி சீனில் இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்." அன்று மாலையே தடையை எடுத்தோம். இப்போது அவர் அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்.